பட்டியலில் இல்லாத ஆள்

நெகிஷி முதலாளி ஒசாகாவிலுள்ள தன் ஸ்பிரிங் பட்டறையை வேலைக்காரர்களான எங்கள் ஆறு பேருக்கே விற்றுவிட்டு ஓய்வு பெறப் போவதாகச் சொன்ன நாள் முதல் எங்களுக்குத் தூக்கம் போயிற்று.

"பாதி விலைக்கு எவனாவது குடுப்பானா? உள்ள ஏதோ வில்லங்கம் இருக்குடா" என்றான் எங்களில் ஒருவனான வாகிசாகா.

பத்திரத்தை நான்கு நாள் துருவி, அவனே அதைக் கண்டுபிடித்தும் விட்டான்.

"வேலை பாக்கிறவங்க பட்டியல்ல நம்ம ஆறு பேர்தான் இருக்கோம். தினம் கக்கூஸ் கழுவிட்டுப் போற அம்மா பேரு எங்க?"

எட்டு மணிக்கு நாங்கள் வரும்போது கழிவறை பளபளக்கும். கழுவியவளை ஒருவரும் பார்த்ததில்லை.

"திருட்டுத்தனமா ஆள் வச்சிருக்காரு. நாளைக்கு அந்தம்மா கேஸ் போட்டா நம்ம தலைலதான் விடியும்!"

பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதிலாக எங்கள் பெயர் முத்திரையைக் குத்த வேண்டிய அன்று நான் கேட்டே விட்டேன்.

"முதலாளி, கக்கூஸ் கழுவுற ஆளுக்குப் பங்கு கிடையாதா?"

அவர் முகம் சிவந்தது. "அந்த ஆளுக்குப் பங்கு வேணாம்."

"அதை அந்த ஆளே சொல்லட்டும். நேர்ல பாக்காம முத்திரை குத்த மாட்டோம்."

"அப்ப நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வாங்க."

மறுநாள் ஆறு பேரும் கழிவறை வாசலில் நின்றோம். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். வாகிசாகா கதவைத் தள்ளினான்.

ரப்பர் பூட்ஸ் போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார் நெகிஷி.

"பாத்தாச்சா? இருபத்தாறு வருஷமா நான்தான்" என்று நிமிர்ந்தார். "இந்தப் பட்டறையில இது முதலாளி வேலை. இனிமே முதலாளிங்க நீங்க ஆறு பேரு. பிரஷ் ஒண்ணுதான் இருக்கு, இன்னும் அஞ்சு வாங்கிக்குங்க."