முதுகுக்குப் பின்னால் ஒரு கை

காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு தள்ளும் அவரை வீட்டில் விஞ்ஞானி என்றே கூப்பிட்டார்கள். கேலி அவருக்கு மட்டும் எட்டவில்லை. ஞாயிறு மதியம் திரைச்சீலைகளை மூடி, விளக்கை அணைத்து, தான் செய்த கருவியின் பட்டனை அழுத்தினார். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கம்பிகளுக்கிடையே மின்பொறி சடசடவென்று மேலேறியது.

"பட்டனை விட்டா உடனே நின்னுடும். இன்னொரு கை எப்பவும் முதுகுக்குப் பின்னால. ஹை வோல்டேஜ்ல இதான் முதல் பாதுகாப்பு."

"ஆபீஸ்லயும் அப்படித்தானே நிக்கிறீங்க, மாமா?" என்றான் மனைவியின் தம்பி, எதிரே உட்கார்ந்தபடி.

அப்போது முதுகுக்குப் பின்னால் இருந்த அவருடைய கையை யாரோ பற்றினார்கள். விரல்கள் சில்லென்றிருந்தன. மனைவி பயந்துவிட்டாள் என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"பயப்படாதே, நான் இருக்கேன்ல."

"எனக்கென்ன பயம்?" என்ற மனைவியின் குரல் எதிரிலிருந்து வந்தது. அவள் தம்பியின் பக்கத்தில், இரண்டு கையாலும் பலகாரத் தட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தாச்சு மாமா, நிறுத்துங்க."

பின்னால் அந்தப் பிடி தளரவில்லை. நிறுத்தினால் அறை இருட்டாகிவிடும். பட்டனை அழுத்திய விரல் வெளுத்தது.

"முதல்ல யாராவது லைட்டைப் போடுங்க," என்றார். விஞ்ஞானியின் குரலாக அது இல்லை.

மனைவி சலித்துக்கொண்டே எழுந்தாள். அவருக்குப் பின்சுவரில் இருந்த சுவிட்சை நோக்கி இரண்டடி வைத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். அவள் பார்த்தது அவர் முகத்தை அல்ல.