வடதுருவத்துக் குழாயடி

மதுரையின் தெருக்குழாய்களை வரைபடத்தில் ஏற்றிய ஷர்மிளா, அத்தனையும் வடதுருவக் கடலில் நிற்பதைக் கண்டாள். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிப் போட்டிருந்தாள். மறுநாள் வேலைக்கான நேர்காணல். காட்ட வேறொன்றும் இல்லை. வரைபட ஆர்வலர்களின் வாட்ஸப் குழுவில், பெயரைவிடப் பட்டங்கள் நீளமான அமைப்பாளர் ‘புவிசார் நுட்பமும் மானுட விடியலும்’ என்று முழங்கிக்கொண்டிருந்தார். நடுவே தன் வரைபடத்தைப் போட்டாள்.

“வாம்மா, என் பஸ் ஸ்டாப்பெல்லாம் அங்கதான் நிக்குது” என்று ஒருவர் எழுதினார். “என் ரேஷன் கடையும்” என்றாள் ஒருத்தி. விடியலைப் பாதியில் நிறுத்திய அமைப்பாளர், “என் டீக்கடையும் பக்கத்துலதான்” என்றார். எதைத் திருப்பிப் போட வேண்டும் என்று ஆளுக்கொரு வரி சொன்னார்கள்.

குழாய்கள் மதுரைக்குத் திரும்பின. ஒன்றை மட்டும் பனிக்கடலிலேயே விட்டுவைத்தாள்.

நேர்காணலில் படத்தைத் திறந்ததும், அந்த ஒற்றைக் குழாயையும் சேர்த்துக் காட்ட உலகமே திரையில் விரிந்தது.

“மேல தனியா இது என்னம்மா?” என்றார் அதிகாரி.

“டீக்கடைக்குத் தண்ணி வேணும்ல, மேடம்.”

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“டீக்கடைக்கு எதிர்த்தாப்ல ஒரு லைப்ரரி இருக்குமே, பாத்தியா? அது நான் கட்டுனது.”