சிவப்புக் கோடு

பயணிகள் படகு கவிழ்ந்து இரண்டு மாதம் கழித்துப் புதுப் படகு விட்டார்கள். பயத்தில் பத்தொன்பது பேர்தான் ஏறினார்கள். ஆனாலும் படகின் பக்கவாட்டில் பெயின்டர் தீட்டியிருந்த சிவப்புக் கோடு தண்ணீருக்குள் போய்விட்டது. அது முங்கினால் பாரம் அதிகம் என்று அர்த்தம்.

மேனேஜர் வாய் கூசாமல் சொன்னார்: "கோட்டைக் கொஞ்சம் மேல ஏத்திப் போடுப்பா."

பழைய படகிலும் இரண்டு தடவை இப்படித்தான் ஏற்றிப் போட்டான் பெயின்டர். அதில் இடுக்கில் நின்றுகொண்டு போன அவன் தங்கச்சி திரும்பவில்லை. செத்தவர்கள் பட்டியலிலும் அவள் இல்லை. டிக்கெட் கிழிக்காமல் ஏற்றிய எவருமே அதில் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார்கள்.

பெயின்டர் பெயின்ட் டப்பாவை மேனேஜரின் காலடியில் கவிழ்த்தான்.

"டிக்கெட் இல்லாதவங்க யாரும் ஏறவே இல்லன்னு எழுதிக் கொடுத்தீங்களே சார், அப்போ இது யாரோட பாரம்?"

"வாய மூடுடா! எல்லாரும் இறங்குங்க, கோடு தானா மேல வரும்!" என்று கத்தினார் மேனேஜர்.

பத்தொன்பது பேரும் இறங்கினார்கள். கடைசியாகப் படகோட்டியும் இறங்கினார்.

காலிப் படகு ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை.