முதுகுத் தகட்டுக்குப் புதுப் பட்டை

"என்னம்மா, ஸ்கூல் பைக்கு வார் போடுறீங்களா?" என்றார் மாஸ்டர்.

தரையில் சம்மணமிட்டிருந்த கண்ணாடிக்காரி நிமிர்ந்து அசடு வழிந்தாள். மடியில் ஓர் எஃகுத் தகடு, கடலில் முக்குளிப்பவர்களின் முதுகில் காற்றுச் சிலிண்டரைத் தாங்குகிற தகடு. அதன் துளைகளில் புதுப் பட்டையை மூன்றாவது முறையாகத் தப்பாக நுழைத்து வைத்திருந்தாள்.

ஒரே நீளப் பட்டைதான். இரண்டு தோள்களையும் வளைத்து இடுப்புக்கு வந்து ஒரு பக்கிளில் முடிய வேண்டும், அவ்வளவுதான் வேலை. இதற்கே ஒரு மணி நேரமாகத் திண்டாடுகிறவள் கடலுக்குள் இறங்கி என்ன கிழிக்கப் போகிறாள் என்று மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பழைய பட்டை எங்கே? அதை வச்சு அளவெடுத்திருந்தா இவ்வளவு கூத்து இல்லையே."

"அதை வாங்கி வச்சுக்கிட்டாங்க சார். தகடு மட்டும்தான் திரும்பக் கிடைச்சுது."

யார் என்று மாஸ்டர் கேட்கவில்லை. இந்த மாதிரி ஆட்களின் கதையைக் கேட்க உட்கார்ந்தால் பொழுது போய்விடும் என்பது அவர் அனுபவம்.

விரட்டி விடவும் முடியவில்லை. ஒரு மாதம் பூட்டிக் கிடந்த பயிற்சிக் கூடம் இன்றுதான் திறந்திருக்கிறது. காலையிலிருந்து படியேறி வந்த ஒரே ஆள் இவள்தான்.

எல்லாம் போன மாதம் தண்ணீருக்குள்ளேயே செத்துத் தொலைந்த ஒருவனால் வந்த வினை. அவன் பட்டையைக் கோத்தது யார் என்று விசாரணையில் துருவித் துருவிக் கேட்டார்கள். கோத்தது மாஸ்டர் என்றால் உரிமமும் போகும், கம்பியும் எண்ண வேண்டும். சொல்பேச்சுக் கேட்காமல் அவனே கோத்துக்கொண்டான் என்று மாஸ்டர் எழுதிக் கொடுத்திருந்தார். நாளையோடு கோப்பை மூடிவிடுவார்கள்.

"சார், இந்த பக்கிள் எந்தப் பக்கம் பாத்து இருக்கணும்?"

"அதுகூடத் தெரியாமத்தான் கிளம்பி வந்தீங்களா? குடுங்க இப்படி!" தகட்டை அவள் மடியிலிருந்து பிடுங்கினார்.

"நீங்க கோக்குறதை வீடியோ எடுத்துக்கட்டுமா சார்? வீட்டுல போய்ப் பாத்துப் பழகிக்கிறேன்."

"எடுத்துத் தொலைங்க. பாத்தாலும் உங்க மண்டையில ஏறப் போறதில்லை. அந்தக் கத்திரிக்கோலை எடுங்க."

இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அவள் போனை ஒரு பெட்டிமேல் சாய்த்து வைத்துவிட்டு, நல்ல மாணவி மாதிரி கைகட்டி உட்கார்ந்தாள்.

"போன மாசம் இங்க ஒருத்தன் செத்தானே, அவனும் உங்களை மாதிரி ஒரு மேதாவிதான்." வாய் ஒரு பக்கம் வசைபாட, கை தன் போக்கில் வேலையைப் பார்த்தது. பட்டை துளைகளில் வழுக்கிக்கொண்டு ஓடியது. தோள் வளையங்கள் இடத்தில் உட்கார்ந்தன. நுனியை நறுக்கி, லைட்டரில் காட்டிப் பிசிரைப் பொசுக்கினார்.

"கலங்கின தண்ணியில கண்ணு தெரியாதும்மா. உங்களுக்கு மூச்சு முட்டினா, கூட வர்றவன் தடவிப் பாத்துத்தான் பட்டையைக் கழட்டணும். அதனாலதான் எல்லாருக்கும் ஒரே வழக்கம். வலது கையால ஒரே இழுப்பு, பக்கிள் திறந்துடணும். அந்த மடையன் மாத்திப் போட்டு வச்சிருந்தான். கூடப் போனவன் இழுத்து இழுத்துப் பாத்துட்டு வெறுங்கையோட மேல வந்தான். மூளையைக் கழட்டி வீட்டுல வச்சுட்டு வந்தா இதான் கதி."

அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். "வேற யாராவது கோத்துக் குடுத்திருந்தா சார்?"

"வேற யாரு? நானா? இருபது வருஷமா என் பட்டையை நானே கோத்துப் பழகின கைம்மா இது. கண்ணைக் கட்டி விட்டாலும் கோக்கும்." பக்கிளைச் செருகி இறுக்கி, தகட்டை அவள் முன்னால் தள்ளினார். "இந்தாங்க. இதுக்குப் பேரு வேலை."

அவள் எழுந்து தகட்டை முதுகில் மாட்டி, இடுப்பில் பக்கிளைப் பூட்டினாள். அளவு கச்சிதமாக இருந்தது.

"வலது கையால ஒரே இழுப்புன்னுதானே சொன்னீங்க?"

இழுத்தாள். திறக்கவில்லை. இன்னொரு தரம் பலமாக இழுத்தாள். அப்போதும் அசையவில்லை.

ஒரு பக்கிளைத் திறக்கக்கூடத் துப்பில்லை என்று அலுத்துக்கொண்டே மாஸ்டர் குனிந்து பார்த்தார். பக்கிளின் நாக்கு மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் முறையாக அவருக்கு வாய் குழறியது.

"அது... பேச்சு வாக்குல... என் கைப் பழக்கத்துல..."

அவள் இடது கையால் இழுத்தாள். பக்கிள் பட்டென்று திறந்துகொண்டது.

தகட்டை இறக்கி வைத்தாள். போனை எடுத்து, வீடியோ முழுசாகப் பதிவாகியிருக்கிறதா என்று சரிபார்த்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். இவ்வளவு நேரம் வழிந்த அசட்டுத்தனம் அவள் முகத்தில் துளிகூட இல்லை.

"எங்க அண்ணன் வலது கைக்காரரு, சார்."