தலை முழுசா விழுமா?

இந்த ஆள் கேமரா வாங்க வந்த ஆளே இல்லை என்று சுடர்விழி மூன்றாம் நாள் முடிவே கட்டிவிட்டாள்.

பின்னே என்னவாம்? புதுக்கோட்டை கீழராஜ வீதியில் அவள் வேலை பார்க்கும் கடை காலை பத்து மணிக்கே திறந்துவிடும். உள்ளே ஏசி வேறு. இவர் மட்டும் மண்டையைப் பிளக்கிற மத்தியான வெயிலில்தான் வருவார். பேர் ஆத்மநாதன், குடுமியான்மலைக்காரர், தாலுகா ஆபீஸில் உத்தியோகம். வந்ததும் ஷோகேஸில் இருக்கும் மூன்று சின்ன டிஜிட்டல் கேமராவையும் எடுக்கச் சொல்வார். ஒவ்வொன்றாக வாசலுக்குக் கொண்டுபோய், ரோட்டுக்கு அந்தப் பக்கம் குறி வைத்து அமுக்குவார்.

அந்தப் பக்கம் இருப்பது ஒரு டீக்கடை. அதை ஒட்டி, காலேஜ் பெண்கள் பஸ்ஸுக்கு நிற்கிற இடம்!

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் விரட்டவும் முடியாது. "இந்த மாசத்துக்குள்ள ஒரு கேமராவாவது போகலேன்னா அந்த ஷோகேஸ்ல செல்போன் கவரைத் தொங்க விட்டுருவேன். நீ மாடியில உக்காந்து ஸ்கிரீன் கிளாஸ் ஒட்டு" என்று முதலாளி ரகுநாத் கறாராகச் சொல்லியிருந்தார். மாசம் இன்றோடு முடிகிறது.

அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சார், இது முப்பது மடங்கு ஜூம். கோயில் கோபுரத்து உச்சியில குருவி உக்காந்தாலும் அலகு தெரியும்."

"குருவி கெடக்கட்டும்மா. தலை முழுசா விழுமா?"

"இது சட்டைப்பையில அடங்கிரும். ஸ்கிரீனைத் திருப்பிக்கிட்டா செல்ஃபி எடுக்கலாம்."

"எம் மூஞ்சி யாருக்கு வேணும்? தலை விழுமா, அதைச் சொல்லு."

தலையாம் தலை!

"அதுக்கு செல்போன்லயே எடுத்துக்கலாமே சார்?" என்று கடுப்பில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கேமரா விற்கிறவள் கேட்கிற கேள்வியா இது?

"செல்போனை எவனும் நீட்டுவான். கேமராவைத் தூக்கினாத்தாம்மா எதிர்ல நிக்கிறவங்களுக்கு மரியாதை" என்றபடி அவர் வாசலுக்குப் போய்விட்டார்.

எதிரே டீக்கடைக்காரர் சோலையப்பன் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நின்றார். முதல் நாள் பனியனோடு நின்ற மனுஷன். நேற்று சலவைச் சட்டை. இன்று தலைக்கு மை, நெற்றியில் சந்தனம். கேமரா தூக்கினால் போதும், அடுப்பை விட்டுவிட்டு வெயிலுக்கு வந்துவிடுவார். புள்ளைகளுக்குக் காவல் நிற்கிறார், புண்ணியவான் என்று சுடர்விழி நினைத்துக்கொண்டாள்.

ஆத்மநாதன் மறுபடியும் அமுக்கினார். அவ்வளவுதான், அவள் பொறுமை போயே போச்சு.

"சார்! பொம்பளப் புள்ளைக நிக்கிற எடத்தை மூணு நாளா படம் புடிக்கிறீங்களே, அக்கா தங்கச்சியோட பொறக்கலையா நீங்க?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ, எந்தப் புள்ளைக? இந்தா, நீயே பாரும்மா."

பார்த்தாள். மூன்று கேமராவிலும் ஒன்று விடாமல் டீக்கடைக்காரர்தான் முறைத்துக்கொண்டிருந்தார்.

"அவரு என் சம்சாரத்தோட அண்ணன்ம்மா. ஒம்பது வருசத்துக்கு முன்னாடி எம் பையனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில வச்சுத்தானே குத்தணும்? பட்டுவேட்டி கட்டிக்கிட்டு ராசா மாதிரி உக்காந்தாரு. நான்தான் படம் எடுத்தேன். வெயில்ல கேமரா ஸ்கிரீன்ல ஒரு மண்ணும் தெரியலை. குத்துமதிப்பா அமுக்கிட்டேன். முப்பத்தாறு படம். ஒண்ணுலகூட மச்சானுக்குத் தலை இல்லை."

சுடர்விழிக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள்.

"'நான் கொண்டாந்த சீர்த்தட்டு அத்தனையும் விழுந்திருக்கு, என் தலை மட்டும் ஒன் கண்ணுக்குத் தெரியலையா'ன்னு கேட்டாரு. அன்னைக்கு நின்ன பேச்சுதான். வர்ற ஞாயித்துக்கிழமை சின்னவளுக்குக் காதுகுத்து. 'எங்கண்ணன் மடி இல்லாம எம் மக காதுல ஊசி படக்கூடாது'ன்னு வீட்ல ஒத்தக்கால்ல நிக்கிறா. அவரு தலைக்கு வாங்குற கேமராவை அவரு தலையை வச்சுத்தானே சோதிக்கணும்? அதுவும் இதே வெயில்ல."

சுடர்விழிக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூன்றாவது கேமராவை எடுத்து, மேலே இருந்த சின்ன ஓட்டையைக் காட்டினாள்.

"ஸ்கிரீனை விடுங்க சார். இதுல கண்ணை வச்சுப் பாருங்க. எந்த வெயில்லயும் தெரியும்."

பார்த்தார். "ஆத்தாடி! தலைக்கு மை அடிச்சவரு மீசையை விட்டுட்டாரே, அதுவரைக்கும் தெரியுது! பில்லைப் போடும்மா."

"அப்படியே அங்கிட்டுப் போயி அவரைக் காதுகுத்துக்குக் கூப்பிட்டுருங்க சார்."

"போயிருவேன்... மூஞ்சியில அடிச்ச மாதிரி ஏதாச்சும் சொல்லிட்டாருன்னா?" அவர் கால் வாசற்படியைத் தாண்டவில்லை.

பார்த்தாள் சுடர்விழி. விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போனாள்.

"அண்ணே, அந்த சாரைத் தப்பா நெனச்சிராதீங்க. மூணு நாளா அவரு எடுத்தது காலேஜ் புள்ளைகளை இல்லை. உங்களைத்தான்!"

சோலையப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது தெரியாமயா மூணு நாளா வெயில்ல அசையாம நிக்கிறேன், சலவைச் சட்டை வேற போட்டுக்கிட்டு?" என்றவர், எதிர்க்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தடவையாச்சும் தலை விழுந்துச்சாம்மா?"