லீலாவதி அக்காவின் தானம்

“யட்டவத்தையில லீலாவதி அக்கா பேர்ல தானமாம். ஹாமுதுருமார் வீட்டுக்கே வாறாங்களாம். நீங்களும் வாறீங்களா?”

மனைவி கலாராணி கேட்டதும் இராசமாணிக்கம் குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்தார். பௌத்தர் ஒருவர் பெயரில் ஹாமுதுருமாராகிய பிக்குகளுக்குத் தானம் என்றால், அது இறந்தவருக்காகத்தான் என்பதே அவர் அறிந்த வழக்கம்.

உக்குவளையில் அக்கா அடுத்த வீட்டில் குடியிருந்த காலத்தில், அணில்கள் கூடு கட்டியிருந்த வேலியோரப் பலாமரத்தை, அக்கா கும்பிட்டுத் தடுத்தும் கேளாமல், இராசமாணிக்கம் வெட்டிச் சாய்த்தார். அன்று நின்ற பேச்சு நின்றதுதான்.

இருவரும் பேருந்தேறி யட்டவத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிக்குகள் இன்னும் வந்திருக்கவில்லை. கலாராணி நேரே அடுக்களைக்குள் போய்விட்டாள். அவர் மட்டும் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த அக்காவின் படத்தின் முன் நின்றார்.

“அக்கா, அந்த மரத்த நான் வெட்டியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க.”

“அத என் மொகத்தப் பாத்துச் சொல்லு, மல்லி!”

தம்பி என்று சிங்களத்தில் அழைத்த அந்தக் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினார். கையில் அகப்பையோடு லீலாவதி நின்றிருந்தார்.

“அக்கா! நீங்க... அப்ப தானம்?”

“எனக்குப் புள்ளகுட்டி இல்ல. செத்த பொறகு என் பேர்ல தானம் குடுக்க யாரு இருக்கா? அதான் உசிரோட இருக்கையிலயே நானே குடுக்கிறேன்.”

இராசமாணிக்கம் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

“நான் இருக்கேன், அக்கா. நான் குடுப்பேன்.”

“சரி, சரி. அதுக்காக என்னய அவசரப்படுத்தாத. மொதல்ல வந்து அந்தச் சோத்துப் பானைய எறக்கு.”