கண்ணாடியில் சந்தனம்

“ரொப்பிவிட்டாப் போதாதாண்ணே?”

மதன்குமார் மறுபடியும் கேட்டான். கண்ணாடிக் கடைக்காரர் அவனுடைய காரின் முன் கண்ணாடியில் விழுந்திருந்த விரிசலில் விரலை ஓட்டிக் காட்டினார்.

“புள்ளியா இருந்தா ரொப்பலாம் தம்பி. இது கோடா ஓடி ஓரத்தைத் தொட்டிருச்சு. ரொப்புனா நிக்காது. மாத்தத்தான் வேணும்.”

“இன்னைக்கே மாத்த முடியுமா?”

“நாளைக்கு ஆயுத பூசை. அது முடிஞ்சுதான் மதுரையிலயிருந்து கண்ணாடி வரும். அதுவரைக்கும் முன்னால இடது பக்கம் ஆளை உக்கார வைக்காதீக.”

மதன்குமாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காரை விற்கப் பேசி முடித்தாயிற்று. ராயப்பன்பட்டி ஆசிரியர் ஆரோக்கியசெல்வம் போன வாரமே வந்து ஓட்டிப் பார்த்து, அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். நாளை மறுநாள் வண்டியை எடுக்க வருகிறார். இந்த நேரம் பார்த்து, நேற்று போடி ரோட்டில் முன்னால் போன டிப்பர் லாரியிலிருந்து ஒரு கல் தெறித்துவிட்டது.

அல்லிநகரம் வீட்டுக்கு வந்ததும் மனைவி வேல்விழி கேட்டாள்.

“அந்த சாருக்குப் போன் போட்டு உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானே? பூசை முடிஞ்சு கண்ணாடி மாத்தித் தர்றோம்னு சொன்னா, வேண்டாம்னா சொல்லப் போறாக?”

“சொல்லுவாக. கண்ணாடி போன வண்டியில இன்னும் என்னென்ன போயிருக்கோன்னு பயப்படுவாக. உனக்கு ஒண்ணும் தெரியாது.”

“கல்லு தெறிச்சப்ப அந்த முன் சீட்டுல உக்காந்திருந்தது நானு. எனக்குத்தான் தெரியும்.”



ஆயுத பூசையன்று காரைக் கழுவி நிறுத்தினான். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஓவியாவிடம் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டான்.

“இங்கன வை பாப்பா. மூணு விரலாலயும் இழு. இன்னும் நீளமா.”

“எதுக்குப்பா இவ்வளவு பெருசு?”

“வண்டி வேற ஊருக்குப் போகப்போகுதுல்ல, பெருசாத்தான் வைக்கணும்.”

பட்டையின் நடுவில் அவனே குங்குமம் வைத்தான். முன்னால் நின்று பார்த்தான். இடப்பக்கம், வலப்பக்கம், தெருவுக்கு அந்தப் பக்கம் போயும் பார்த்தான். விரிசல் தெரியவில்லை.

வாசலில் நின்ற வேல்விழி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஆரோக்கியசெல்வம் வந்தார். மதன்குமாரின் கண் அவர் கையை விட்டு நகரவில்லை. சர்ச்சுக்குப் போகிற வேதக்கார மனுசன், சந்தனத்தைத் துடைத்துவிட்டால்?

அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

மதன்குமார் ஓர் அடி முன்னால் வந்தான்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு இறங்கினார்.

ஓவியா ஓடிவந்தாள். “சார், அந்தப் பட்டை நான்தான் வச்சேன்!”

“நீயா? கோணாம வச்சிருக்கியே!”

வேல்விழி ஓர் ஈரத் துணியைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். “வேணும்னா தொடைச்சுக்கிடுங்க சார்.”

மதன்குமார் அவளை முறைத்தான்.

ஆரோக்கியசெல்வம் துணியைப் பார்த்தார். ஓவியாவைப் பார்த்தார். “இருக்கட்டும்மா. பூசையில வச்சது.”

கையெழுத்தெல்லாம் முடிந்தது. சாவியை வாங்கிக்கொண்டு சொன்னார்: “மக ஜெபஷீலாவை இங்கன ஆஸ்பத்திரியில உக்கார வச்சிட்டு வந்திருக்கேன் தம்பி. ஏழு மாசம். பஸ்ல ஏத்த முடியல. கார்லயும் முன்னாலதான் உக்காருவா, பின்னால உக்காந்தா வாந்தி வந்திரும். இனிமே கவலையில்ல.”

கார் போய்விட்டது.

மதன்குமார் காபியைக் கையில் எடுத்தான், குடிக்காமல் வைத்தான். டிவியைப் போட்டான், அணைத்தான். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தான்.

“முன்னாலதான் உக்காருவாளாமே...”

வேல்விழி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பைக் சாவி அங்கன ஆணியில தொங்குது.”

ஆஸ்பத்திரி வாசலில்தான் கார் நின்றது. ஜெபஷீலா பின் சீட்டில் உட்கார்ந்து, ஓர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து மோந்துகொண்டிருந்தாள். “முன்னால உக்காந்துக்கிறேன்ப்பா” என்று கெஞ்சினாள்.

“இன்னைக்கு ஒரு நாளு பொறுத்துக்க ஆத்தா. மெதுவாத்தான் ஓட்டுவேன்” என்ற ஆரோக்கியசெல்வம், பைக்கை நிறுத்திவிட்டு ஓடிவந்த மதன்குமாரைப் பார்த்தார். “என்ன தம்பி, எதையும் விட்டுட்டு வந்துட்டேனா?”

“இல்ல சார்... அந்தச் சந்தனத்துக்கு அடியில...”

“விரிசல்தானே? தெரியும். நீங்க வெளிய நின்னு பாத்து வச்சிருக்கீக. உள்ள உக்காந்தா பளிச்சுன்னு தெரியுது.”

மதன்குமார் தலையைக் குனிந்துகொண்டான். “கண்ணாடி வந்ததும் நானே மாத்தித் தர்றேன் சார். ஆனா தெரிஞ்சும் ஏன் சார் பேசாம வந்தீக? அவ துணியை நீட்டுனப்பவே தொடைச்சுக் காட்டி, என்னைய நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டிருக்கலாமே?”

“கேட்டிருப்பேன் தம்பி. உங்க பாப்பா பக்கத்துலயே நின்னுச்சு. அது ஆசையா வச்ச பட்டையைத் தொடைச்சு, அடியில இருக்கறதை அதுக்கு எப்படிக் காட்டுறது?”